பழைய காசில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் குறி எதற்கு? அதை எப்படித் தெளிவாகப் படம் எடுப்பது?

அதற்கு மின்ட் மார்க் என்று பெயர். காசு எந்த ஊர் நாணயச்சாலையில் அச்சானது என்பதை அது சொல்லும். எடையோ உலோகமோ பிசகினால் எந்தச் சாலையைக் கேட்பது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான். தஞ்சாவூர் அரிசி மூட்டையின் மேல் ஆலைப் பெயர் இருக்கிறதே, அது மாதிரி.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளில் வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி 1988 முதல் இயங்கும் நொய்டா. ஹைதராபாத்தில்தான் சுவாரசியம். சில காசுகளில் நட்சத்திரத்துக்குப் பதிலாக நடுவே பிளந்த வைரமோ, உள்ளே புள்ளி வைத்த வைரமோ இருக்கும். தேய்ந்துபோனால் மும்பை வைரம் போலவே தோன்றும். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

படத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் காசை வைத்தால் குறியின் நிழல் விழுந்து விளிம்பு எழும்பித் தெரியும். காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து படம் எடுங்கள். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், மதிப்பே போய்விடும்.

அப்புறம், குறியே இல்லாத காசு போலி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கொல்கத்தா நாணயச்சாலை குறி போடுவதில்லை.