ஆர்க்கிட் கேள்வி–பதில்: ரிப்பனும் விருதும்

ஆர்க்கிட் சங்கக் கூட்டத்தில் என் கேட்லியா ஆர்க்கிட்டுக்கு முதல் பரிசான நீல ரிப்பன் கிடைத்தது. பக்கத்துச் செடியின் பெயர்ச்சீட்டில் ‘ஏ.எம்./ஏ.ஓ.எஸ்.’ என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, நியூ ஜெர்சி

இல்லை. ரிப்பன் அன்றைக்கு மேசைக்கு வந்த செடிகளுக்குள் நடக்கும் போட்டியின் பரிசு. போட்டிக்கு நல்ல செடி வராவிட்டால் சுமாரான செடிக்கும் முதலிடம் கிடைத்துவிடும். ஏ.ஓ.எஸ். என்பது 1921-இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்கிட் சங்கம். அதன் நடுவர்கள் பக்கத்துச் செடியோடு ஒப்பிடுவதில்லை. அதே இனத்தில், அதே வகைக் கலப்பினங்களில் முன்பு விருது வாங்கிய பூக்களின் அளவுகளையும் படங்களையும் எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். 100 மதிப்பெண்ணுக்கு 75 முதல் 79 வரை எச்.சி.சி. (உயர் பாராட்டுச் சான்றிதழ்), 80 முதல் 89 வரை ஏ.எம். (தகுதி விருது), 90-ம் அதற்கு மேலும் எஃப்.சி.சி. (முதல் தரச் சான்றிதழ்). பொது மதிப்பெண் அட்டவணையில் பூவின் வடிவத்துக்கு 30, நிறத்துக்கு 30. அளவு, இதழின் தடிமன், தண்டு, பூக்களின் எண்ணிக்கை போன்றவற்றுக்கு மீதி 40.

சீட்டில் சி.சி.எம். (வளர்ப்புத் தகுதிச் சான்றிதழ்) என்று கண்டால் அது வேறு கணக்கு. அது பூவுக்கல்ல, வளர்த்தவரின் கைப்பக்குவத்துக்கு. அந்தச் செடியிலிருந்து பிரித்த துண்டை வாங்கிவிட்டு, விருதையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

விருது பெற்ற ரகம் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். பூத்தபோது படத்தில் இருந்ததுபோல் இல்லையே?
– வாசகர், சென்னை

சீட்டை முழுதாகப் படியுங்கள். ‘ஆன்சிடியம் ஷாரி பேபி “ஸ்வீட் ஃப்ராக்ரன்ஸ்” ஏ.எம்./ஏ.ஓ.எஸ்.’ என்பதில் ‘ஷாரி பேபி’ கலப்பினத்தின் பெயர். மேற்கோள் குறிக்குள் இருப்பதுதான் விருது வாங்கிய அந்த ஒரே செடியின் பெயர். அதைப் பிரித்தோ திசு வளர்ப்பிலோ பெருக்கியவற்றுக்கு மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். விதையிலிருந்து வந்தவை பிள்ளைகள். தாயின் விருது அவற்றுக்குச் சேராது. “பெற்றோர் விருது பெற்றவர்கள்” என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் செடியின் பெயரோடு அதனால் விருதின் எழுத்து ஒன்றும் சேராது.

சீட்டு சரியாக இருந்தாலும், திசு வளர்ப்பில் சில செடிகள் மாறிப் பிறப்பதுண்டு. முதல் பூவை வைத்து முடிவு கட்டாதீர்கள். இளஞ்செடியின் முதல் பூ பெரும்பாலும் சிறுத்தே வரும்.

என் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டில் பூந்தண்டு வந்திருக்கிறது. மலர்க்காட்சிக்கு வைக்க எப்படித் தயார் செய்வது?
– வாசகர், ஏற்காடு

இன்றைக்கே தொட்டியின் விளிம்பில், வெளிச்சம் வரும் பக்கமாக ஒரு குறி போடுங்கள். இனி தொட்டியைத் திருப்பக் கூடாது. மொட்டுகள் வெளிச்சத்தைப் பார்த்து நிற்பவை. இடையில் திருப்பினால் ஒவ்வொரு பூவும் ஒரு பக்கம் பார்க்கும். அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. நடுவர் கேட்பது இரு வரிசையாக, ஒரே முகமாக நிற்கும் பூக்களை.

தண்டு ஒரு சாண் வளர்ந்ததும் மூங்கில் குச்சியை வேருக்கு இடம்விட்டு ஊன்றி, மொட்டு தொடங்கும் இடத்துக்குக் கீழே மெல்லிய நூலால் தளர்வாகக் கட்டுங்கள். மொட்டுள்ள நுனி தானாக வளையட்டும். தண்டு முற்றிய பிறகு வளைக்கப் போனால் முறிந்துவிடும்.

உங்கள் ஊர்ப் பனிக்கு இதழில் பழுப்புப் புள்ளி விழும். அது போட்ரைட்டிஸ் பூஞ்சணம். காலையிலேயே தண்ணீர் விட்டுவிடுங்கள், பூவில் ஈரம் படாமல். இரவில் சிறு விசிறி ஓடட்டும். புள்ளி விழுந்த பூவைக் கிள்ளி எறியுங்கள்.

இலையில் உப்புக்கறை இருந்தால் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, பின் வெறும் நீரால் ஒருமுறை துடையுங்கள். செடிக்குச் செடி புதுப் பஞ்சு வேண்டும், வைரஸ் பரவாமலிருக்க. எண்ணெயோ பளபளப்புத் திரவமோ வேண்டாம்.

கொண்டுபோகும்போது தொட்டியை அட்டைப்பெட்டியில் அசையாமல் வைத்து, பூக்களுக்கு அடியில் மெல்லிய காகிதம் கொடுங்கள். அதே வண்டியில் பழுத்த வாழையோ மாம்பழமோ ஏற்றாதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயுவில் மொட்டு உதிரும், பூ வாடும். பூவின் நடுத்தூணில் கை படாமலும் பாருங்கள். மகரந்த மூடி கழன்றாலோ, மகரந்தம் சூல்முடியில் ஒட்டினாலோ அந்தப் பூ சீக்கிரமே தொங்கிவிடும்.

இவ்வளவும் செய்தும் பரிசு வராமல் போகலாம். அல்லி இதழ்கள் இரண்டும் அகன்று, ஒன்றையொன்று தொட்டு, தட்டையாக விரிய வேண்டும் என்பது ஃபலனாப்சிஸுக்கான இலக்கணம். இதழ்களுக்கிடையே சந்து தெரிந்தால் மதிப்பெண் குறையும். அது பிறவி, உரம் போட்டு மாற்ற முடியாது.

வாசனைக்கு மதிப்பெண் உண்டா?
– வாசகி, சிங்கப்பூர்

ஏ.ஓ.எஸ். அட்டவணையில் இல்லை. உங்கள் சங்கத்தில் மணத்துக்கெனத் தனிப் போட்டி வைத்தால் நேரம் பார்த்துச் செடியைக் கொண்டுபோங்கள். ஷாரி பேபியின் சாக்லேட் மணம் பகல் வெப்பத்தில் கிளம்பும். பிராசவோலா நோடோசா என்ற ஆர்க்கிட் இரவில்தான் மணக்கும்; காலைக் கூட்டத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது.