ஒரு வருடச் செய்தி, ஒரே மெசேஜில்

அன்புள்ள சார்,

வணக்கம். இது இலக்கியக் கேள்வி இல்லை, குடும்ப விஷயம். தயங்கித்தான் எழுதுகிறேன்.

என் தங்கை வேறு ஊரில் இருக்கிறாள். கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். மூன்று பிள்ளைகள். எப்போது கூப்பிட்டாலும் "அக்கா, ஒரு மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்பாள். அந்த அப்புறம் வருவதே இல்லை. அவள் வேலை மாறி நான்கு மாதம் ஆனதே ஒரு கல்யாணத்தில் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா இருந்தவரை இப்படி இல்லை. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு மெசேஜ் போட்டிருந்தாள். "எல்லாரும் விசாரிக்கிறீங்க, தனித்தனியா பேச முடியல, அதனால மொத்தமா எழுதுறேன்" என்று ஆரம்பம். பெரியவள் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டாள். பையனுக்குத் தினமும் மாலை நீச்சல் பயிற்சி. கடைக்குட்டி பல் விழுந்த வாயோடு சிரிக்கும் படம். மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு, மாதத்தில் பாதி நாள் பயணம். வீடு மாறியிருக்கிறார்கள். அவள் மாமியாருக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, இப்போது இவர்களோடு இருக்கிறார். "பகல்ல பார்த்துக்க ஆள் கிடைக்கல, ரெண்டு மாசம் நான் லீவ் போட்டேன், இப்ப பரவாயில்லை" என்று ஒரு வரி. கடைசியில் எல்லாருக்கும் அன்பு.

குழுவில் வரிசையாகக் கட்டைவிரல், கைகூப்பு, "சூப்பர்". நானும் ஒரு கைகூப்பு போட்டேன். பிறகு அழுகை வந்துவிட்டது. சொந்த அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும் ஒரே செய்தியா? நான் அவளுக்கு உறவா, பார்வையாளரா? எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது அவளுக்கு இன்னும் தெரியாது. அவளே ஓடிக்கொண்டிருக்கிறாள், எதற்கு என்று சொல்லவில்லை. குழுவை விட்டே விலகிவிடலாமா என்று தோன்றுகிறது. இல்லை, பதில் எழுதத்தான் வேண்டும் என்றால் எங்கே ஆரம்பிப்பது?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

"ரெண்டு மாசம் நான் லீவ் போட்டேன்" என்ற வரியில் ஆரம்பியுங்கள்.

அந்த மெசேஜில் செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் முடிந்துபோன விஷயம் மாதிரி நிற்கின்றன. அவற்றை அப்படியே எடுத்து ஒரே காலண்டரில் வைத்துப் பாருங்கள். புது வேலை, அங்கே போன சில மாதங்களிலேயே நீண்ட விடுப்பு கேட்டு நிற்க வேண்டிய நிலைமை. கணவர் பாதி நாள் வீட்டில் இல்லை. கைக்கு உதவியாக இருந்திருக்கக்கூடிய மூத்த பெண் விடுதியில். வீடு மாற்றம் வேறு. சாமான் பிரித்து அடுக்கவே எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் இடுப்பில் ஆபரேஷன் ஆன வயதானவர். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரங்கள் தாழ்வான நாற்காலியில் உட்காரக்கூடாது, சட்டென்று குனியக்கூடாது என்றெல்லாம் பொதுவாகச் சொல்லி அனுப்புவார்கள். வாக்கரைப் பிடித்துக் குளியலறைக்குப் போகும்போதும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கமும் போய்விடும். சாயங்காலமானால் பையனை நீச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இத்தனையையும் உங்கள் தங்கை "இப்ப பரவாயில்லை" என்று முடித்துவிட்டாள். நாற்பது பேர் படிக்கிற இடத்தில் வேறு எப்படி எழுத முடியும்? அதே குழுவில் மாமியாரின் சொந்தக்காரர்களும் இருக்கலாம், யார் கண்டது. பொதுவில் எழுதும்போது எல்லாருக்கும் பொதுவான விஷயங்கள்தான் முன்னால் வரும். பதவி உயர்வு வரும், கல்லூரி வரும், பல் விழுந்த படம் வரும். களைப்பு மட்டும் ஒரு வரிக்குள் ஒளிந்துகொண்டு வரும். அக்கா என்று ஒருத்தி இருப்பது அந்த வரியைக் கண்டுபிடிக்கத்தான்.

இப்படி மொத்தமாக எழுதுவது வாட்ஸ்அப்போடு வந்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் வருடக் கடைசியில் குடும்பச் செய்தியை ஒரே கடிதமாக எழுதிப் பிரதியெடுத்து எல்லாருக்கும் அனுப்புவார்கள். நம் சாதனையைப் பாருங்கள் என்ற தொனி அதில் இருக்கும் என்று கேலி செய்பவர்கள் அங்கேயே நிறைய உண்டு. ஆன் பர்னெட் என்ற பேராசிரியர், 1960-கள் தொடங்கி எழுதப்பட்ட அப்படிப்பட்ட கடிதங்களை ஆயிரக்கணக்கில் சேகரித்துப் படித்தார். வருடங்கள் போகப்போக நேரமே இல்லை, ஓட்டம், பரபரப்பு என்ற பேச்சு கூடிக்கொண்டே போவதையும், யார் அதிக பிஸி என்பதில் ஒருவித போட்டியே நடப்பதையும் கவனித்தார். உங்கள் தங்கையின் மெசேஜில் அந்தப் போட்டி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. "எல்லாரும் விசாரிக்கிறீங்க" என்ற ஆரம்பத்தில் தெரிவது பெருமை இல்லை. பதில் சொல்லாத பாக்கி சேர்ந்துகொண்டே போகிறதே என்ற கவலைதான் தெரிகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியம். "அம்மா இருந்தவரை இப்படி இல்லை."

கொஞ்சம் பழையதை நினைத்துப் பாருங்கள். அம்மா இருந்தபோது உங்கள் தங்கை வீட்டுச் செய்தியை உங்களுக்குச் சொன்னது யார்? தங்கையா? அவள் அம்மாவிடம் பேசுவாள், நீங்கள் அம்மாவிடம் பேசுவீர்கள், அம்மா இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் சேர்ப்பார். பல குடும்பங்களில் அம்மாதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். சேர்ப்பது மட்டுமா? எதைச் சொல்வது, எதை அமுக்குவது, எந்தச் சண்டையைப் பாதியாகக் குறைத்துச் சொல்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. "அவ பாவம்டி, நீயே ஒரு போன் போடு" என்று தள்ளிவிடுவதும் அவர்தான். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது என்றால், தங்கை உங்களிடம் செய்தி சொல்வதை நிறுத்திவிட்டாள் என்பது சரியில்லை. நீங்கள் இருவரும் நேரடியாகச் செய்தி பரிமாறிக்கொள்ளும் பழக்கமே இனிமேல்தான் வர வேண்டும். அதற்குத் தேவை இருந்ததே இல்லை.

கேரலின் ரோசென்தால் என்ற சமூகவியலாளர் கனடாவில் செய்து 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். உறவுகளை விட்டுப்போகாமல் தொடர்பில் வைத்திருக்கும் ஆள் என்று உங்கள் குடும்பத்தில் யாராவது உண்டா என்று கேட்டார். பலரும் ஒருவரைச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். இரண்டு வருடம் கழித்து, மிக்கேலா டி லியோனார்டோ என்ற மானுடவியலாளர் இன்னும் ஒருபடி மேலே போனார். போன் பேசுவது, வாழ்த்து அனுப்புவது, பரிசு வாங்குவது மட்டுமில்லை, எந்த உறவை இறுக்குவது, எதைக் கொஞ்சம் தளர விடுவது என்று முடிவெடுப்பதும் சேர்த்து இது முழு வேலை. சமையல், பிள்ளை வளர்ப்பு, சம்பள வேலை மாதிரியே இதையும் வேலை என்று கணக்கில் எடுங்கள் என்றார். யாரும் கணக்கில் எடுக்காததால்தான் அந்த ஆள் போன பிறகு என்ன நின்றுபோனது என்றே வீட்டில் பலருக்குப் புரிவதில்லை. "எல்லாரும் மாறிட்டாங்க" என்கிறார்கள்.

(உங்கள் கணவர் வீட்டுச் செய்திகளை யார் விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஊகிக்க முடிகிறது.)

அம்மாவின் இடம் இப்போது காலி. உங்கள் தங்கை அந்த நீண்ட மெசேஜை எழுதியபோது, தெரிந்தோ தெரியாமலோ, அந்த வேலையைத் தனியாகச் செய்து பார்த்திருக்கிறாள். முதல் முயற்சி, கொஞ்சம் அலுவலக அறிக்கை மாதிரி வந்துவிட்டது. அதில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமே.

உறவா பார்வையாளரா என்று கேட்டீர்கள். சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் இருவரும், பள்ளி முடித்து வெளியே போகும் இளைஞர்களை 18 மாதம் தொடர்ந்து கவனித்து 2011-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேசாமல், சந்திக்காமல் விட்டால் நண்பர்களோடு நெருக்கம் சீக்கிரம் குறைந்தது. குடும்பத்தாரோடு அந்த அளவுக்குக் குறையவில்லை. நடு வயதுக்காரர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான், ஆனாலும் நாம் கண்ணால் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. இதற்கு ஒரு வேண்டாத பக்கமும் உண்டு. அக்கா எங்கே போய்விடப் போகிறாள் என்ற தைரியத்தில்தான் அக்காவின் அழைப்பை முதலில் தள்ளிப்போடுகிறோம். மேலதிகாரியின் அழைப்பைத் தள்ளிப்போட முடியுமா? "அப்புறம் கூப்பிடுறேன்" என்பதில் கொஞ்சம் உரிமையும் கலந்திருக்கிறது. வலிக்காது என்று சொல்லவில்லை.

வேலை மாறியதைச் சொல்லாத விஷயம். இதில் அவள் பக்கம் நியாயம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் வாரத்தில் சொல்ல விட்டுப்போன செய்தி, இரண்டாம் மாதத்தில் சொல்லக் கூச்சமான செய்தியாகிவிடும். "இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?" என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் தயார் செய்ய வேண்டுமே. அதனால் இன்னும் தள்ளிப்போகும். முதல் பேச்சிலேயே இதை எடுக்காதீர்கள். பின்னால் எப்போதாவது, சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளலாம்.

இதையே உங்கள் கண் ஆபரேஷனுக்கும் பொருத்திப் பாருங்கள். அவள் பிஸி என்று நினைத்து நீங்கள் அதைச் சொல்லவில்லை. அக்கா கவலைப்படுவாள் என்று அவளும் மாமியார் விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாளைக்கு உங்கள் ஆபரேஷனும் ஏதோ ஒரு கல்யாணத்தில் சித்தி வாய் வழியாகத்தான் அவளுக்குப் போய்ச் சேரும். சித்தி இதிலெல்லாம் தாமதிப்பதில்லை. சித்தியைவிட ஒரு நாள் முந்திக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிப் பேசுவது?

எழுத வேண்டாம், கூப்பிடுங்கள். பழைய நண்பர் ஒருவரோடு மறுபடி தொடர்புகொள்ள வேண்டும் என்றால், போனில் பேசுவது சங்கடமாக இருக்கும் என்றே பலரும் எதிர்பார்க்கிறார்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்களுக்கு அப்படி ஒன்றும் கூடுதல் சங்கடம் இருக்கவில்லை. மின்னஞ்சல் எழுதியவர்களைவிட நெருக்கமாக உணர்ந்தார்கள். எப்போது கூப்பிடுவது என்பதற்கான பதில் அவள் மெசேஜிலேயே இருக்கிறது. பையன் தினமும் மாலை தண்ணீரில் இருக்கும் நேரம், அநேகமாக அவள் கரையில் உட்கார்ந்திருக்கும் நேரம். "பையன் நீச்சலடிக்கிறப்ப பேசலாமா?" என்று முன்கூட்டியே ஒரு வரி அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள். கால் மணி நேரம் போதும். விட்டுப்போன ஒரு வருடத்தையும் ஒரே மூச்சில் பேசித் தீர்க்க நினைத்தால் அதற்கு இரண்டு பேருக்கும் நேரம் கிடைக்கவே கிடைக்காது.

"அப்புறம், என்ன விசேஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு "ஒண்ணுமில்லக்கா, அப்படியே போகுது" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அத்தை இப்போது தானாக எழுந்து நடக்கிறாரா, ராத்திரி யார் எழுந்து பார்க்கிறார்கள், லீவு கேட்டபோது புது ஆபீஸில் முகம் சுளித்தார்களா என்று கேளுங்கள். இதெல்லாம் குழுவில் யாரும் கேட்கமாட்டார்கள். பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவளே நிறுத்தமாட்டாள். நடுவில் யோசனை சொல்லும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். மூத்தவர்களுக்கு அது கஷ்டம்தான்.

விடுதியில் இருக்கும் பெண்ணிடம் அம்மா வழியாக விசாரிக்க வேண்டாம். அவளுக்கே நேராக மெசேஜ் அனுப்புங்கள். கல்லூரி வயதில் பெரியம்மாவிடம் சொல்வதற்கென்று, அம்மாவிடம் சொல்ல முடியாத விஷயங்கள் சில இருக்கும். அவள் பதில் இரண்டு வார்த்தையில் வந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த வயதில் அதுவே நீளம். மாப்பிள்ளையிடமும் ஒருநாள் அவருடைய அம்மாவின் உடம்பைப் பற்றி நீங்களே கேளுங்கள். எல்லா விசாரிப்புக்கும் உங்கள் தங்கையே பதில் சொல்ல வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவருக்கும் பேச வரும்.

குழுவை விட்டு விலக வேண்டாம். விலகினால் அதுவே ஒரு செய்தியாகி, அதை விளக்க நீங்கள் பத்துப் பேரிடம் பேச வேண்டிவரும். அறிவிப்புச் சத்தத்தை மட்டும் நிறுத்திவையுங்கள். படங்கள் வந்தால் பொறுமையாகப் பாருங்கள், கட்டைவிரல் போடத் தோன்றினால் போடுங்கள். பல் விழுந்த படத்துக்கு மட்டும் குழுவில் எதுவும் போடாமல், அந்தக் கடைக்குட்டிக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். தன் பெயரைச் சொல்லி ஒருவர் பேசுவதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும்.