லேப்டாப்புக்கும் சேமிப்பு சர்வருக்கும் லினக்ஸா, பிஎஸ்டியா?

தினசரி வேலைக்கு ஒரு லேப்டாப், கோப்புகளைச் சேர்த்துவைக்க ஒரு பழைய டெஸ்க்டாப். இரண்டிலும் இலவச இயங்குதளங்களில் லினக்ஸ் போடுவதா, பிஎஸ்டி குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டியா, ஓபன்பிஎஸ்டியா என்பதுதானே கேள்வி? இரண்டிலும் ஒன்றையே போட்டாக வேண்டும் என்று யார் சொன்னது?

லேப்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு லினக்ஸ். புது வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வருகிறது. ஃப்ரீபிஎஸ்டியே இன்டெல்லின் புதிய வைஃபை சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவரைத்தான் எடுத்து ஒட்டிக்கொள்கிறது. ஓபன்பிஎஸ்டியில் புளூடூத்தே கிடையாது, 2014-இல் தூக்கிவிட்டார்கள். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் வேண்டுமென்றால் பேச்சே இல்லை. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வசதிகளை நம்பி எழுதப்பட்டது.

டெஸ்க்டாப் விஷயம் வேறு. அதில் நான் ஃப்ரீபிஎஸ்டிதான் போடுவேன், முக்கியமாக வட்டில் கோப்புகளைச் சேமித்துப் பராமரிக்கும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்காக. உரிமச் சிக்கலால் லினக்ஸ் கெர்னலுக்குள் அதைச் சேர்க்கவில்லை. தனி மாட்யூலாகத்தான் வரும், கெர்னல் மாறும்போது சில சமயம் தகராறு செய்யும். ஃப்ரீபிஎஸ்டியில் அது சிஸ்டத்தோடு சேர்ந்தே வருகிறது. அப்டேட் செய்யும் முன் ஒரு பூட் என்விரான்மென்ட், அதாவது சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் நகல், எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஒரே கட்டளைதான். மறுபடி பூட் ஆகும்போது ஏதாவது சொதப்பினால், தொடக்க மெனுவிலேயே பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். நீங்கள் நிறுவும் மென்பொருள்கள் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் தனியாக உட்கார்ந்துகொள்ளும், அடிப்படை சிஸ்டத்தோடு கலக்காது. இந்தச் சுத்தம் ஒருமுறை பழகிவிட்டால் விடமாட்டீர்கள்.

ஓபன்பிஎஸ்டி அருமையான சிஸ்டம், ஆனால் உங்கள் தேவைக்கு இல்லை. அதில் இசட்எஃப்எஸ் கிடையாது. நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வாலாக ஒரு பெட்டி வைப்பதென்றால் அதற்கு நிகரில்லை. அதன் ஃபயர்வால் மென்பொருளான பிஎஃப்-இன் விதிக் கோப்பில் 'பிளாக் ஆல்', 'பாஸ் அவுட்' என்று இரண்டே வரி போதும்: வெளியிலிருந்து தானாக எதுவும் நுழையாது, நீங்கள் அனுப்பியதற்கு வரும் பதில் மட்டும் உள்ளே வரும். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சும் அந்தக் குழு எழுதியதுதான்.

லினக்ஸின் ஜிபிஎல் உரிமமா, பிஎஸ்டி உரிமமா என்று சண்டை போடுகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். நிரலை மாற்றி விற்கப் போகிறவருக்கு அது பெரிய விஷயம், கோப்பு சேமிப்பவருக்கு இல்லை.

ஒன்றே ஒன்று: பழைய டெஸ்க்டாப்பில் எவ்வளவு ரேம் என்று சொல்லவில்லையே? 2 ஜிபிதான் என்றால் இசட்எஃப்எஸ் மூச்சு வாங்கும். அப்போது அதிலும் லினக்ஸையே போட்டுவிடுங்கள்.