மூட்டையிலிருந்து அளந்து தரும் பூனை உணவு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். வீட்டில் இரண்டு நாட்டுப் பூனைகள். ஒன்று பெட்டை, இன்னொன்று கருத்தடை செய்த கடுவன். இதுவரை சோறும் மத்தியும்தான் போட்டு வந்தேன். மத்தி விலை ஏறிய பிறகு, கடையில் மூட்டையிலிருந்து அளந்து தரும் பூனை உணவை கிலோ 180 ரூபாய்க்கு வாங்கிப் போடுகிறேன். அதில் சோளமும் கோழிக்கழிவும் இருக்கும், இரண்டும் விஷம் என்கிறான் மகன். நாய்க்கு வாங்குவதையே இதற்கும் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: அம்மா, உங்கள் மகனுக்குச் சோளத்தின் மேல் கவலை. எனக்கு அந்த மூட்டையின் மேல்தான் கவலை. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பட்டியல் வேண்டும். பாலிதீன் பையில் அளந்து போட்டுத் தருவதில் பட்டியல் எங்கே இருக்கிறது? யார் செய்தது, எந்த மாதம் செய்தது, பூனைக்குத்தான் செய்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது. முதலில் அதை வாங்குவதை நிறுத்துங்கள்.

இப்படி அளந்து வாங்கியதைப் பலர் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நட்சத்திரம், மீன், எலும்பு வடிவத்தில் எல்லாம் கலந்து கிடக்கும். எலும்பு வடிவத்தில் இருப்பது பெரும்பாலும் நாய்க்குச் செய்தது. கையில் எடுத்துத் தேய்த்தால் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும். பையின் அடியில் பொடி தங்கியிருக்கும், சில சமயம் அரிசியில் வருகிற வண்டும் இருக்கும். கிழிந்த பை, தேதி முடிந்த சரக்கு, கடையிலிருந்து திரும்பி வந்தது என்று எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு எடுத்து, ஒன்றாகக் கொட்டி, புது மூட்டையில் கட்டி விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் மூட்டையைப் பார்த்து நல்லது எது, கெட்டது எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

இந்த உலர் உணவை வேகவைத்து உருட்டிய பிறகு கொழுப்பை மேலே தெளிக்கிறார்கள். பூனை ஆசையாகச் சாப்பிடுவது அந்த வாசனைக்காகத்தான். காற்றுப் பட்டால் அந்தக் கொழுப்பு சிக்கடித்துப் போகும். மழைக்காலத்து ஈரம் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். தானியத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாது, சுடவைத்தாலும் போகாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு நாய் உணவில் இந்த நஞ்சு கலந்து நாய்கள் செத்தன. அந்த உணவைத் திரும்பப் பெற முடிந்தது, ஏனென்றால் பையில் தயாரிப்பு விவரம் அச்சாகியிருந்தது. மூட்டையில் வாங்கிய உங்கள் பூனைக்கு ஏதாவது ஆனால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

கேட்பதற்குத்தான் யார் இருக்கிறார்கள்? நாம் சாப்பிடும் உணவுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் விலங்குகளின் தீவனத்தைத் தன் வரம்பிலேயே சேர்க்கவில்லை. பூனை, நாய் உணவுக்கென்று ஐ.எஸ்.ஐ. தரம் ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பின்பற்றித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் என்று இருப்பது பொட்டலப் பொருளுக்கான எடையளவு விதிகள்தான். செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் ஆகியவை பையில் இருக்க வேண்டும். கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் நமக்கு அதிலும் தொல்லை. சரக்கு வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் கட்டப்பட்டு இந்தப் பக்கம் விற்கப்படும். இங்கே கேட்டால் அங்கே கேளுங்கள் என்பார்கள், அங்கே போனால் விற்ற இடத்தில் கேளுங்கள் என்பார்கள். நாட்டில் இத்தனை வீடுகளில் பூனை வளர்க்கிறார்கள், அதன் தட்டில் விழுவதைப் பரிசோதிக்க ஒரு ஆள் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பில் வாங்குங்கள். பையைத் தூக்கிப் போடாதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுவதென்றால் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். முதலில் தேட வேண்டிய சொல் டாரின் (Taurine). பூனைக்கு இல்லாமல் முடியாத ஒரு சத்து அது. எழுத்து பொடியாக இருக்கும், வைட்டமின் வரிசையோடு சேர்த்து அடித்திருப்பார்கள். மகனைப் படிக்கச் சொல்லுங்கள். நாய், மனிதர் உடம்பெல்லாம் இதைத் தானே ஓரளவு செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் போதுமான அளவு செய்ய முடியாது. இறைச்சியிலிருந்தோ, சேர்க்கப்பட்ட சத்தாகவோ கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் எதுவும் தெரியாது. அப்புறம் பார்வை மங்கும், இதயம் வீங்கித் தளரும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர் 1987இல் இதயத் தளர்ச்சிக்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார். அதுவரை நல்ல கம்பெனி உணவு தின்ற பூனைகளும் இப்படிச் செத்துக்கொண்டிருந்தன. அதன் பிறகுதான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின.

நாய் உணவு வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இதுதான். நாய் உணவில் டாரின் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. அமெரிக்க அளவுகோல்படி, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம் போதும். வளர்ந்த பூனைக்கு 26, குட்டிக்கும் சினைப் பூனைக்கும் 30 வேண்டும். மெத்தென்று இருக்கும் சில நாய்த் தின்பண்டங்களில் புரோப்பலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். அது பூனையின் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்பதால் பூனை உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1996இலேயே தடை செய்துவிட்டார்கள். கடைக்காரருக்கு எல்லாம் ஒரே சரக்கு. நீங்கள் அப்படி நினைக்காதீர்கள்.

இரண்டாவது, பையில் அது முழுமையான உணவு என்று எழுதியிருக்கிறதா, துணை உணவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் கம்ப்ளீட் என்றும் காம்ப்ளிமென்டரி என்றும் இருக்கும். இரண்டு சொல்லும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். துணை உணவை மட்டும் தின்று பூனை நெடுநாள் வாழ முடியாது. நக்கிச் சாப்பிடும் குழாய்ப் பொட்டலங்களும் ஜெல்லியில் மிதக்கும் மீன் துண்டு டப்பாக்களும் பெரும்பாலும் துணை உணவுகள்தான். பெர்ஷியன் குட்டி விற்பவர்கள் ஒரு பிராண்டைச் சொல்லி, அது இல்லாமல் குட்டி பிழைக்காது என்று கையோடு ஒரு கால்சியம் சிரப்பையும் கட்டிக் கொடுப்பார்கள். உங்களுடையது நாட்டுப் பூனை, அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டில் யாராவது வாங்கினால் சொல்லிவையுங்கள்: முழு உணவு தின்னும் குட்டிக்குத் தனியாகக் கால்சியம் வேண்டாம்.

மகன் சொன்ன சோளத்தைப் பார்ப்போம். அது விஷம் இல்லை. நன்றாக வேகவைத்த தானியத்தைப் பூனையால் செரிக்க முடியும். ஆனால் பூனை இறைச்சி தின்னவே பிறந்தது. பட்டியலின் தலையில் கோழியோ மீனோ ஈரலோ இருக்க வேண்டும், சோளம் இருக்கக் கூடாது. கோழிக்கழிவு என்று அவன் முகம் சுளிப்பதும் வேண்டாத வேலை. ஈரல், இதயம், குடல் இதெல்லாம்தான் அது. எலியைப் பிடிக்கும் பூனை தொடைக்கறியை மட்டும் பிரித்துத் தின்பதில்லை. இதயத்தில் டாரின் நிறையவே உண்டு. மீல் என்றால் நீரை வற்றடித்துப் பொடித்த இறைச்சி. எந்த விலங்கு என்று பெயர் சொல்லியிருந்தால் நல்லது. வெறுமனே இறைச்சி எலும்பு மீல் என்றிருந்தால் எனக்குச் சந்தேகம்.

பொருள்களை எடை வரிசையில் எழுதுவார்கள். இதில் ஒரு தந்திரம் உண்டு. கோழியில் பாதிக்கு மேல் தண்ணீர், அதனால் அது முதல் இடத்துக்கு வந்துவிடும். சோளத்தைச் சோளம், சோள மாவு, சோளப் புரதம் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே போய்விடும். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் கோழியை மிஞ்சும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் சூரை மீன் படம் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம், பின்பக்கத்தில் சூரை எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

புரத எண்ணை மட்டும் நம்பியும் ஏமாறலாம். ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். 2007இல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில், எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்காக, நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. டப்பா உணவில் புரதம் 9 சதவீதம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நீரை நீக்கிக் கணக்கிட்டால் 45 வரும். நிறத்தைப் பூனை கவனிப்பதில்லை, இனிப்புச் சுவை அதற்குத் தெரியவே தெரியாது. சாயமும் சர்க்கரையும் வாங்குகிறவரை மயக்கத்தான்.

இனி உங்கள் கடுவன். அவன் விஷயத்தில் பையில் எழுதியிருப்பதைப் பார்த்தால் மட்டும் போதாது. தயவுசெய்து இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். கருத்தடை செய்த ஆண் பூனை அதிகம் அலையாது, எடை போடும். உலர் உணவில் தண்ணீர் பத்து சதவீதத்துக்குள்தான் இருக்கும். பூனைக்குத் தாகமெடுத்துக் குடிக்கிற பழக்கம் குறைவு. சிறுநீர் கெட்டியாகும், அதில் உப்புத்துகள் படியும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுங்கியது, துகளும் சளியும் சேர்ந்து அடைத்துவிடும். அவன் மணலுக்குப் போய்ப் போய் உட்காருவான், முக்குவான், கத்துவான், பின்பக்கத்தை நக்குவான். ஒரு சொட்டு வரும், அல்லது ரத்தம் வரும், அல்லது எதுவுமே வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டு மூன்றாம் நாள் கூடையில் தூக்கிவருவார்கள். அதற்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும் நிலைக்கு வந்துவிடும். முக்குகிறான், சிறுநீர் வரவில்லை என்று தெரிந்தால் இரவென்றாலும் கிளம்புங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பாலக்காட்டில் வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ திருச்சூர் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள், போகும்போதே போன் செய்யுங்கள். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

கடையில் யூரினரி, அதாவது சிறுநீர்க் கோளாறுக்கு, என்று எழுதிய பை ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். கடைக்காரர் பேச்சைக் கேட்டு அதை வாங்காதீர்கள். சிறுநீர்க் கற்களில் ஒருவகை, உணவை மாற்றினால் கரையும், இன்னொரு வகை என்ன போட்டாலும் கரையாது. எது என்று சிறுநீரைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இப்போது தொந்தரவு எதுவும் இல்லை என்றால் சாதாரண முழு உணவே போதும். அவனுக்கு ஒருவேளையாவது ஈர உணவு கொடுங்கள், அல்லது உலர் உணவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். மிச்சத்தை அரைமணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், நம் ஊர் வெயிலில் புளித்துவிடும்.

மத்தியை அடியோடு விட வேண்டாம். வேகவைத்து முள் எடுத்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பச்சையாக வேண்டாம், சில பச்சை மீன்களில் உள்ள நொதி தயமின் என்ற வைட்டமினை அழித்துவிடும். குழம்பிலிருந்து எடுத்த மீனும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.

சிறிய பையாக வாங்குங்கள், ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு. நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு உலர் உணவு ஏறக்குறைய 50, 60 கிராம் போதும். ஈர உணவு கொடுக்கும் நாளில் அதற்கேற்பக் குறையுங்கள். டப்பாவில் கொட்டிவைப்பதைவிட அதே பையை மடித்துக் கட்டி, பையோடு டப்பாவில் வைப்பது நல்லது, தேதியும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) கையில் இருக்கும். பழைய உணவோடு புதியதைக் கலந்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அந்த மூட்டைச் சரக்கு வாடை அடித்தால் கலக்கவும் வேண்டாம், கொட்டிவிட்டு மீனும் சோறும் கலந்தே மாற்றுங்கள். புதியதைத் தொடவே மாட்டேன் என்று பட்டினி கிடந்தால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒருநாளுக்கு மேல் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறும் ஆபத்து உண்டு. பழையபடி மத்தியைக் கொடுத்துச் சாப்பிடவைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.