ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 29. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மேட்ரிமோனி தளத்தில் ஒருவர் அறிமுகமானார். முதலில் அங்கேயே சாட், அப்புறம் வாட்ஸ்அப். தினமும் ராத்திரி 12 மணி வரை பேசுவோம். அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறேன். என்னை இவ்வளவு புரிந்துகொண்டவர் யாருமில்லை என்றே நினைத்தேன். திடீரென்று பேச்சே இல்லை. ப்ளூ டிக் விழுகிறது, பதில் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதில் என்ன கஷ்டம்?

இதற்கு முன் பேசியவர்களும் இப்படித்தான். ஒருவர் சம்பளத்தைக் கேட்டுவிட்டுக் காணாமல் போனார். இன்னொருவருக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆகியிருந்தது. நேர்மைதான் எனக்கு முக்கியம் என்று புரொஃபைலிலேயே போட்டிருக்கிறேன். அதை யாரும் படிப்பதில்லை போல.

இவரோடு சண்டைகூட இல்லை. அவர் வேறு சாதி. நான் ‘சாதி தடையில்லை’ என்றுதான் போட்டிருந்தேன். அம்மா அதை ‘எங்கள் சாதி மட்டும்’ என்று மாற்றிவிட்டார், நானும் விட்டுவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “அது அம்மா போட்டது, கண்டுக்காதீங்க” என்று பேச்சை மாற்றினேன். அது பெரிய விஷயமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போக ஒரு மனிதருக்கு எப்படி மனம் வருகிறது? ஆன்லைனில் வருகிறவர்கள் எல்லாருமே டைம்பாஸ்தானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

சொல்லாமல் போனது தவறு. அந்த வலி நியாயமானது. ஆனால் ‘பெரிய விஷயமில்லை’ என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

நாளைக்கு வீட்டில் எதிர்ப்பு வந்தால் இந்தப் பெண் எங்கே நிற்பாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் கேட்டிருப்பார். அம்மா மாற்றினால் நானும் விட்டுவிடுவேன் என்பதுதான் உங்கள் பதிலில் இருந்த விடை. அதனால்தான் போனார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாருடைய நேர்மையையும் அளக்கும் நீங்கள், உங்கள் போட்டோவுக்குக் கீழே, உங்கள் பெயரில், உங்களுக்கே உடன்பாடில்லாத ஒரு வரியை விட்டுவைத்திருக்கிறீர்கள். அது இன்றைக்கும் அங்கேதானே இருக்கிறது?

எழுத்தில் பழகும்போது நேரில் பழகுவதைவிட நெருக்கம் கூடிவிடலாம் என்று ஜோசப் வால்தர் என்ற ஆய்வாளர் 1996-இல் எழுதினார். யோசித்து, அழித்து, திருத்தி நம் நல்ல பக்கத்தை அனுப்புகிறோம். தெரியாத இடங்களை எதிரில் இருப்பவர் தன் ஆசையால் நிரப்பிக்கொள்கிறார். உங்கள் ராத்திரிப் பேச்சில் இது நிறையவே நடந்திருக்கும், இரண்டு பக்கமும். அதில் மண்ணில் கால் ஊன்றிய கேள்வி என்றால் அவர் சாதியைப் பற்றிக் கேட்டதுதான்.

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1992-இல் மனிதர்களின் விழுமியங்களை 10 வகையாக்கி ஒரு வட்டத்தில் அடுக்கினார். தன் முடிவைத் தானே எடுப்பது ஒரு பக்கம். மரபும் பாதுகாப்பும் அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடிப்பது சிரமம். நீங்கள் சாட்டில் ஒரு பக்கமும் புரொஃபைலில் மறுபக்கமும் நிற்கிறீர்கள்.

அம்மாவோடு சண்டை போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. சாதிக்குள்தான் கல்யாணம் என்று நீங்கள் முடிவெடுத்தால் எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் அது உங்கள் முடிவு. அப்படியென்றால் வேறு சாதிக்காரர் ஒருவரை ராத்திரி 12 மணி வரை பேசவைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போதே தளத்தைத் திறந்து, அந்த வரி இருக்க வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். மாற்றுவதாக இருந்தால் அம்மாவிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சொல்லாமல் போனவருக்கும் ஒரு செய்தி அனுப்பலாம். “ஏன் போனீங்க” என்று கேட்க வேண்டாம். அன்றைக்கு அவர் கேட்டதற்கு உங்கள் பதிலை மட்டும் எழுதுங்கள். திரும்பப் பதில் வராமலும் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள்.