கட்டிக்கொடுத்தால் தீருமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

தாய் தகப்பனை இழந்த வளரிளம் பெண்களுக்கு எச்.ஐ.வி. அபாயம் கூடுதல் என்று ஏற்காட்டுக் கூட்டத்தில் பேசினீர்கள். லாரி ஓட்டிய என் அண்ணனும், பின்னால் அண்ணியும் அந்த நோயில்தான் போனார்கள். பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். பையனுக்குத் தொற்று இருக்கிறது, அதற்கான கூட்டு மருந்து சாப்பிடுகிறான். பெண்ணுக்குத் தொற்று இல்லை. பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நோயைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அநாதை என்ற பெயர் போதாதென்று நோயின் பெயரையும் ஏன் ஒட்டுகிறீர்கள்? செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, முறைப்பையன் ஒருவனுக்குச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். அதுதான் அவளுக்குக் காவல் என்று எனக்கும் தோன்றுகிறது.

ம., அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள ம.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். பெற்றோர் இறந்ததால் யாருக்கும் கிருமி வந்துவிடாது. உங்கள் அண்ணன் மகளை அவர்கள் நோயைச் சொல்லி ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை. நான் பேசியது, இப்படிப்பட்ட பெண்ணுக்காக உறவினர்கள் கூடிப் போடும் திட்டங்களைப் பற்றி.

ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளில் நடந்த ஆய்வுகளில், பெற்றோரை இழந்த இளையோரிடம் தொற்று மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது. அந்தக் கணக்கு சேலத்துக்கு அப்படியே பொருந்தாது. அங்கே தொற்றே பல மடங்கு அதிகம். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த வழி நமக்கும் பழக்கமானது. முதலில் படிப்பு நிற்கும். பிறகு பெரியம்மா வீடு, மாமா வீடு என்று ஜாகை மாறிக்கொண்டே இருக்கும். கைச்செலவுக்கு யாரையாவது அண்ட வேண்டிவரும். வயதில் மூத்த ஆணின் உறவிலோ அவசரக் கல்யாணத்திலோ போய் முடியும். வேண்டாம் என்று சொன்னால் அன்றிரவு எங்கே படுப்பது என்று தெரியாத பெண், வேண்டாம் என்று சொல்லமாட்டாள்.

கல்யாணம் காவல் என்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் அண்ணிக்கும் கல்யாணம் ஆகித்தான் இருந்தது. சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரிக் குடும்பங்களில் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத எத்தனை பெண்கள் மருந்துக்கு வரிசையில் நின்றார்கள்! பதினெட்டுக்கு முன் கட்டிவைப்பது குற்றம். தெரிந்தே செய்பவர்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை.

ஜிம்பாப்வே கிராமங்களில் தாய் தகப்பனற்ற பெண்களுக்குப் பள்ளிக் கட்டணம், சீருடை, கூடவே கவனித்துக்கொள்ள ஓர் ஆசிரியை என்று ஏற்பாடு செய்து பார்த்தார்கள். படிப்பை விட்டவர்களும் குறைந்தார்கள், இளவயதில் மணமானவர்களும் குறைந்தார்கள். பட்டறையை மறந்துவிட்டு அவளைப் பதினொன்றாம் வகுப்பில் சேருங்கள்.

அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு மருந்து வாங்கத் துணைக்குப் போவது அவளாகத்தான் இருக்கும். அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். வாசலுக்கு வருமுன்னே டப்பாவில் ஒட்டிய தாளைக் கிழித்துப் போடுகிறார்கள். பஸ்ஸில் மாத்திரை குலுங்கிச் சத்தம் வராமலிருக்க டப்பாவைத் துண்டில் சுற்றிப் பைக்குள் அழுத்துகிறார்கள். இதையெல்லாம் பார்க்கும் பெண்ணுக்கு என்ன நோய் என்று தெரிந்திருக்கும். எப்படிப் பரவும், எப்படித் தடுக்கலாம் என்பதுதான் தெரிந்திருக்காது. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள், அவர் கூச்சமில்லாமல் பேசுவார். மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது என்பதையும் சொல்வார். தம்பியின் எதிர்காலத்துக்கும் அது தேவையான செய்தி.

பணத்துக்கு வழி இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

இன்னொன்று. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், இப்படிப்பட்ட பிள்ளைகளின் சொத்தைப் பாதுகாக்கவும் வழி வைத்திருக்கிறது. பத்திரங்களைப் பாதுகாப்பாக வைக்கவோ, யாரேனும் அபகரித்தால் புகார் தரவோ குழந்தைகள் நலக் குழுவை அணுகலாம். பிள்ளைகளே நேரில் போகலாம். அண்ணனின் வீடும் இன்சூரன்ஸ் பணமும் இப்போது யார் பெயரில் இருக்கின்றன? உங்கள் கடிதத்தில் அது இல்லை.