வெளிநாட்டில் கேம்பர்வேன் (உள்ளேயே தூங்கிச் சமைத்துக்கொள்ளும் வண்டி) எடுத்துக்கொண்டு கடற்கரைகளை நிதானமாகச் சுற்றிப் பார்க்க முடியுமா? நியூசிலாந்தின் இரண்டு தீவுகளுக்கும் பத்து நாள் போதுமா?

போதாது. ஒரு தீவுக்கே போதாது. ஒரே ஒரு கரையோரத்துக்கு வேண்டுமானால் போதும்.

கேள்வியில் 'நிதானமாக' என்றும் எழுதியிருக்கிறீர்கள், 'இரண்டு தீவுகளும்' என்றும் எழுதியிருக்கிறீர்கள், 'பத்து நாள்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் எதையாவது ஒன்றை அடித்துவிடுங்கள். வீட்டில் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், 'இவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் வந்தாயா' என்று கேட்கக் காத்திருக்கும் உறவினர்கள் என்று உங்கள் நிலைமை இருக்கும் என்று நானாகவே ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நானும் மனைவியும் ஒரு மார்ச் மாதத்தில் பதினாறு நாள் போனோம். தெற்குத் தீவு மட்டும். அதிலும் கிழக்குக் கரையும் தென்கிழக்கு மூலையும் மட்டும். கிரைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, கரையை ஒட்டியே இறங்கி, கேட்லின்ஸ் என்ற பகுதியில் கியூரியோ பே வரை போய், வந்த வழியே திரும்பினோம். மொத்தமே ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் சொச்சம். குயின்ஸ்டவுன் பார்க்கவில்லை, மில்ஃபோர்ட் சவுண்ட் பார்க்கவில்லை. அவை மட்டமான இடங்கள் என்று நான் சொல்லவே இல்லை. தயவுசெய்து அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஏன் இவ்வளவு குறுக்கினோம் என்றால், அந்தக் கரையில் பார்க்கத் தகுந்தவற்றில் பாதிக்கு மேல் கடல் வற்றும் நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும், அல்லது கால் வைக்க இடம் கிடைக்கும். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். மார்ச்சில் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம். ஆகவே வெளிச்சத்தில் கைக்குச் சிக்குவது பெரும்பாலும் நாளுக்கு ஒரு வற்றம்தான். அந்த ஒன்றையும் இரண்டு இடத்தில் செலவழிக்க முடியாது. இங்கே நின்றால் அங்கே போச்சு. உங்கள் பத்து நாளைப் பத்து வற்றம் என்று எண்ணிப் பாருங்கள். பயணம் எவ்வளவு சின்னது என்று அப்போது தெரியும்.

இது எனக்குப் போகும் முன்பே தெரிந்திருந்ததா? இல்லை. ஒரு கடற்சிங்கம் கற்றுக்கொடுத்தது.

கேட்லின்ஸில் சூரத் பே என்று ஒரு கடற்கரை. நம் சூரத் நகரின் பெயர்தான். அந்தப் பெயர் தாங்கிய கப்பல் ஒன்று, குடியேற வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, 1874 புத்தாண்டு தினத்தன்று அந்தப் பகுதியில் பாறையில் மோதியது. கப்பல் போனது, பெயர் கரையில் தங்கிவிட்டது. நாங்கள் காலை எட்டு மணிக்கு அங்கே நடக்கப் போனோம். நண்பகல் வாக்கில் வற்றம். அதற்குள் அரை மணி நேரத் தொலைவில் உள்ள கதீட்ரல் குகைகளுக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். அலை குடைந்து குடைந்து முப்பது மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய குகைகள் அவை. வற்றத்தை ஒட்டிய சில மணி நேரம் மட்டும்தான் சாலைக் கேட்டையே திறப்பார்கள்.

நடந்துவிட்டுத் திரும்பினால், மணல்மேட்டைத் தாண்டி வண்டி நிற்கும் இடத்துக்கு ஏறுகிற பாதையின் வாயிலில் ஒரு பெரிய மரக்கட்டை. வரும்போது அது அங்கே இல்லையே என்று யோசித்துக்கொண்டே நான் கிட்டத்தில் போக, கட்டை மூச்சு விட்டது. ஆண் கடற்சிங்கம். முந்நூறு, நானூறு கிலோ இருக்கும். உடம்பெல்லாம் மணலை அள்ளிப் போர்த்துக்கொண்டு, ஒரு துடுப்பை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் படுத்துவிட்ட பெரியவர்போலக் கிடந்தது. மீசை மயிர் மட்டும் அவ்வப்போது துடித்தது. இருபது மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள வனத்துறையின் அறிவுரை. நான் நின்றது ஐந்தாறு மீட்டரில். மெல்லப் பின்வாங்க வேண்டும், ஓடக் கூடாது என்று எதையும் யோசிக்கவில்லை, ஓடினேன். மனைவி சிரித்தாள். அதை இன்றும் மற்றவர்களிடம் நடித்துக் காட்டுகிறாள்.

மணல்மேட்டின் மேல் வேறு வழியாக ஏறலாமா என்றால், அது பறவைகள் கூடு கட்டும் புல்வெளி, மிதிக்க மனம் வரவில்லை. உட்கார்ந்தோம். ஒன்பதரை பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கடலைப் பார்ப்பதுமாக இருந்தேன். "உங்களுக்குக் குகை வேண்டுமா, கை கால் வேண்டுமா?" என்றாள். அப்போது அவள் சொல்லித்தான் நான் அந்தப் பிராணியை ஒழுங்காகப் பார்த்தேன். அது தூங்கிக்கொண்டே இருமியது. ஒரு முறை கண் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிரமாதமில்லை என்று முடிவு செய்து மறுபடி மூடிக்கொண்டது. வேட்டையாடி வேட்டையாடி அந்த நாட்டின் பெருந்தீவுகளின் கரைகளிலிருந்தே ஒழித்துவிட்ட இனம் அது. 1993-இல்தான் தெற்குத் தீவின் ஒட்டாகோ கரையில் மறுபடியும் குட்டி போட ஆரம்பித்தது. அதன் இடத்தில் அது தூங்குகிறது, நான் யார் அவசரப்பட?

பன்னிரண்டே காலுக்கு எழுந்து, கடற்கரை முழுவதையும் தன் பெயரில் பதிவு செய்தவன்போல ஆடி ஆடிக் கடலுக்கு இறங்கியது. நாங்கள் குகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணியைத் தாண்டிவிட்டது. கேட் மூடியிருந்தது.

மறுநாள் போகலாமே என்பீர்கள். மறுநாள் வற்றத்தைக் கியூரியோ பேக்கு ஒதுக்கியிருந்தோம். குகையா, காடா என்று இரவு வண்டிக்குள் உட்கார்ந்து பேசினோம். காடு வென்றது.

கியூரியோ பேயில் இருப்பது கல்லாகிப்போன காடு. 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. எரிமலைச் சாம்பலும் சேறும் கலந்த வெள்ளம் மரங்களை மூடி, மரத்தின் இடத்தில் மெல்ல மெல்ல சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டது. கடல் ஏறியிருக்கும்போது போனால் வெறும் நுரையைத்தான் பார்க்கலாம். வற்றியதும் பாறைத் தட்டு வெளியே வருகிறது. அதில் முழங்கால் உயரத்துக்கு அடிமரங்கள், பல மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து கிடக்கும் தண்டுகள். ஓர் அடிமரத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். வளர்ச்சி வளையங்கள், நேற்று ரம்பம் போட்டதுபோல. மனைவி புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "மரம் என்று நினைத்துத் தொட்டால் சில்லென்று இருக்கிறது" என்றாள். அந்தக் காடு உயிரோடு இருந்த காலத்தில் அந்த நிலமும் இந்தியாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டத்தின் துண்டுகள். விசா இல்லாமல் போய் வந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் அங்கேயே மேலே உள்ள பார்வை மேடையில் நின்றபோது, புதர் ஓரத்தில் ஒரு பென்குயின். மஞ்சள் கண் பென்குயின். அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் ஹொய்ஹோ. ஐந்து டாலர் நோட்டின் பின்பக்கம் இருக்கிற அதே பறவை. ஆனால் நோட்டில் இருப்பதுபோல மிடுக்காக இல்லை. கிழிந்த தலையணைபோல இருந்தது. இறகு உதிர்க்கும் பருவம். புது இறகு முளைக்கும்வரை மூன்று நான்கு வாரம் கடலில் இறங்க முடியாது, அதனால் இரையும் கிடையாது. கொழுப்பைச் செலவழித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். அப்படி நிற்கிற ஒன்றை மனிதர்கள் போய் விரட்டினால் அதற்கு எவ்வளவு கேடு என்று பாருங்கள். ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று பலகை இருக்கிறது. ஆனால் அன்று ஒருவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு பாறை வழியாகக் கிட்டே போனார். நம் நாட்டுக்காரர் இல்லை. ஆனால் அதற்காக நான் நிம்மதியடைந்தது இருக்கிறதே, அதுவும் வெட்கக்கேடுதான்.

மூன்று இரவு அங்கே தங்கினோம். ஒரு நாள் காற்று வண்டியைத் தொட்டில்போல ஆட்டியது. வெளியே தலை நீட்டவில்லை. அந்த நாளும் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது என் மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்பவர்கள் இந்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

நாங்கள் திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நியூசிலாந்து போய்விட்டுத் தமிழ் மணியைப் பார்க்காமலா வந்தீர்கள், மாமா?" தமிழ் எழுத்துப் பொறித்த அந்தப் பழைய கப்பல் மணி வடக்குத் தீவில், வெலிங்டனில் உள்ள டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சொத்து. நாங்கள் வடக்குத் தீவில் காலே வைக்கவில்லை. சொன்னால் புரிந்துகொள்ள வேண்டுமே! குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'கிவிகளுக்கு முன்பே நியூசிலாந்தைக் கண்டுபிடித்த தமிழன்' என்று ஒரு செய்தியை அனுப்பி, கீழே 'சிலர் பக்கத்தில் போயும் பார்ப்பதில்லை' என்று ஒரு வரி சேர்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது மணிக்காக இல்லை, அந்த ஒரு வரிக்காக. உண்மை இதுதான்: வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி 1836 வாக்கில் நார்த்லாந்தில் மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வாங்கினார். வெண்கலம், கப்பல் மணியின் மேல்பாதி. முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. அங்கே எப்படிப் போனது என்பதற்குச் சான்று கிடையாது. ஆள் இல்லாத கப்பல் மிதந்து வந்திருக்கலாம், கை மாறி வந்திருக்கலாம். நம் எழுத்து அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே பெருமைதான். அதற்கு மேல் கதை கட்ட வேண்டியதில்லை என்று எழுதினேன். 'தமிழ்த் துரோகி' என்று ஒரு பதில் வந்தது, அதுவும் என்னிடம் கடன் வாங்கித் திருப்பித் தராத ஒருவரிடமிருந்து. சரி, விடுங்கள்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். கழிப்பறை நிலையாகப் பொருத்தப்பட்ட வண்டியாக எடுங்கள். 2023-இல் வந்த சட்டப்படி, அது இருந்தால்தான் 'செல்ஃப் கன்டெயின்ட்' (தன் கழிவைத் தானே சுமக்கும் வண்டி) என்ற சான்று. அந்தச் சான்றுக்கான பச்சை அட்டை இல்லாத வண்டியைப் பல கடற்கரைகளில் இரவு நிறுத்த முடியாது, மீறினால் அபராதம். அட்டை இருந்தாலும் எல்லா இடத்திலும் நிறுத்தலாம் என்று பொருள் இல்லை, பலகையைப் படியுங்கள். கழிப்பறையின் கீழே ஒரு பெட்டி இருக்கும், அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இழுத்து, அதற்கென்று உள்ள இடத்தில் நாமே கொட்டிக் கழுவ வேண்டும். கொட்டும்போது காற்று வாங்கும் பொத்தானை அழுத்திக்கொள்ளாவிட்டால் குபுக்கென்று மேலே தெறிக்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நாற்பது ஆண்டு மண வாழ்க்கையில் நான் பெற்ற மரியாதையில் பாதி அந்தப் பெட்டியை ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் தூக்கியதால் வந்தது.

வண்டியை வாங்கும்போது ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுங்கள். நாங்கள் வாடகைக்கு எடுத்த நிறுவனம், ஏற்கெனவே இருந்த பின்பக்கக் கீறலுக்கு எங்களிடம் பணம் பிடித்தது. நான் எடுத்த ஏழு படங்களில் ஆறு, மனைவி வண்டிக்கு முன்னால் நிற்பவை. பணம் திரும்பி வரவில்லை. நம்மைப்போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், பயம் வேண்டாம். ஒற்றைத் தடப் பாலங்களில் மட்டும் கவனம்: பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். பின்னால் நான்கு வண்டி சேர்ந்துவிட்டால் ஓரம் கட்டுங்கள். பணக்காரர்களின் பொழுதுபோக்கு இது என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். இரண்டு பேரின் ஓய்வூதியத்தில் நான்கு ஆண்டு சேர்த்த பணம், அவ்வளவுதான் சொல்வேன்.

உங்கள் பத்து நாளுக்கு: கிரைஸ்ட்சர்ச்சில் எடுத்து அங்கேயே விடுங்கள். போகும்போது மொயராக்கியில் ஓர் இரவாவது தங்குங்கள். கோயெகோஹே கடற்கரையில் ஆள் உயர உருண்டைக் கற்கள் கிடக்கும். கடலடிச் சேற்றில் சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் உருண்டு திரளத் தொடங்கியவை. அராய் தே உரு என்ற படகு உடைந்தபோது கரை ஒதுங்கிய மீன் கூடைகளும் சுரைக்குடுவைகளும் அவை என்பது மாவோரிகளின் கதை. பஸ்ஸில் வருபவர்கள் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். கிளம்பட்டும். கடல் ஏறி அந்த உருண்டைகள் ஒவ்வொன்றாக மூழ்குவதை உட்கார்ந்து பாருங்கள். பிறகு கேட்லின்ஸுக்கு ஆறு நாள். ஏற்ற வற்ற அட்டவணையை இப்போதே எடுத்து வைத்து, எந்த நாள் எந்த இடம் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம்.

கதீட்ரல் குகைக்குள் போய்விட்டீர்கள் என்றால், உள்ளே எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். படம் அனுப்ப வேண்டாம், மனைவி பார்த்துவிட்டால் மறுபடி டிக்கெட் எடுக்கச் சொல்வாள்.